ஜீன்ஸ் எந்தப் பண்பாடு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமூகவியல் படிக்கிறேன். பண்பாட்டு வகைகள் என்று பொருள்சார், பொருள்சாரா, உயர், வெகுஜன, துணை, எதிர் என ஏழெட்டுப் பெயர்கள் வருகின்றன. விளக்கங்கள் மனப்பாடம். ஆனால் ‘ஜீன்ஸ் எந்த வகைப் பண்பாடு?’ என்ற கேள்விக்கு நான் பொருள்சார் பண்பாடு என்று எழுதினேன், தோழி வெகுஜனப் பண்பாடு என்று எழுதினாள். இருவருக்கும் பாதி மதிப்பெண்தான். எது சரி? துணைப்பண்பாடு எங்கே முடிந்து எதிர்ப்பண்பாடு எங்கே தொடங்குகிறது என்பதும் பிடிபடவில்லை.

ம.

அன்புள்ள ம.,

இரண்டும் சரி, கேள்விதான் கோணல். ‘இவர் உயரமானவரா, இடதுகைக்காரரா?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? பாடநூல்கள் இந்தப் பெயர்களை ஒரே பட்டியலில் அடுக்கிவிடுவதால் அவை ஒரே அலமாரியின் அறைகள் போலத் தோன்றுகின்றன. உண்மையில் ஒவ்வொரு இணையும் வெவ்வேறு கேள்விக்குப் பதில். பொருள்சார்–பொருள்சாரா என்பது ‘எதனால் ஆனது?’ என்று கேட்கிறது. உயர்–வெகுஜன என்பது ‘யார் நுகர்கிறார்கள், யார் மதிக்கிறார்கள்?’ துணை–எதிர் என்பது ‘பெரிய சமூகத்தோடு என்ன உறவு?’

ஜீன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். உழைப்பாளிகளின் கால்சட்டைப் பைகள் ஓரத்தில் கிழிந்துகொண்டே இருந்ததால் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் அங்கே செப்பு ரிவெட் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சிறு உலோக ஆணி) அடித்தார். அவரும் துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸும் 1873 மே 20 அன்று காப்புரிமை பெற்றார்கள். துணி, தையல், ரிவெட் எல்லாம் பொருள்சார் பண்பாடு. ‘இது உழைப்பாளி உடை, இந்த இடத்துக்குப் போட்டுப் போகக் கூடாது’ என்ற எண்ணம் பொருள்சாராப் பண்பாடு. 1950களில் அமெரிக்க இளைஞர்கள் அதையே பெரியவர்களுக்கு எரிச்சலூட்டும் அடையாளமாக அணிந்தார்கள். பிறகு எல்லோரும் அணிந்தார்கள். பிறகு விலையுயர்ந்த வடிவமைப்பாளர் பெயரோடு வந்தது. ரிவெட் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வகை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஆகவே ‘யாரிடம், எந்தக் காலத்தில்’ என்ற இரண்டும் இல்லாத விடை பாதி விடைதான்.

பொருள்சார் எது, பொருள்சாரா எது என்பதில் பலர் இடறுவது சட்டம், மொழி, மென்பொருள் போன்றவற்றில். ஒரு சோதனை சொல்கிறேன்: அச்சிட்ட பிரதிகளை எல்லாம் எரித்துவிட்டால் போய்விடுமா? காகிதம் போகும், சட்டம் செல்லுபடியாகும். அப்படியானால் புத்தகம் பொருள்சார், சட்டம் பொருள்சாரா.

இந்தப் பிரிவு வெறும் பெயர்சூட்டல் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் ஆக்பர்ன் 1922இல் ‘பண்பாட்டுப் பின்னடைவு’ என்ற கருத்தை இதன்மேல்தான் கட்டினார். பொருள் வேகமாக மாறும், அதற்கேற்ற விதிகள் பின்னால் தள்ளாடி வரும். அவர் காட்டிய ஒரு சான்று தொழிற்சாலை விபத்து. காயமடைந்தவரே முதலாளியின் தவற்றை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும் என்ற பழைய விதி, கைக்கருவிகள் இருந்த சிறு பட்டறைக்கு ஒத்துவந்தது. பெரிய இயந்திரங்கள் வந்து விபத்துகள் பெருகிய பின்னும் அதே விதி பல பத்தாண்டுகள் நீடித்தது. அமெரிக்க மாநிலங்களில் இழப்பீட்டுச் சட்டங்கள் நிலைபெறத் தொடங்கியது 1911 வாக்கில்தான். இதை எழுதும்போது ஒரு எச்சரிக்கை: பொருள்தான் எப்போதும் முந்தும் என்று எழுதிவிடாதீர்கள். கருத்து முன்னே போய்ப் பொருள் பின்னால் வந்த வரலாறும் உண்டு. ஆக்பர்ன் மீதான முக்கியமான விமர்சனமே அதுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ‘துணைப்பண்பாடு’ என்ற ஒரே சொல்லை வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று 1960இல் சமூகவியலாளர் மில்டன் யிங்கர் சுட்டிக்காட்டினார். பெரிய சமூகத்தின் விழுமியங்களோடு மோதுவதே மையமாக இருக்கும் குழுக்களுக்கு அவர் தனிச்சொல் கேட்டார். எனவே உடை விசித்திரமா, பேச்சு புரியவில்லையா என்று பார்க்காதீர்கள். அந்த மோதலை நீக்கினால் குழுவின் அடையாளம் மிஞ்சுமா என்று பாருங்கள். சைகை மொழி பேசும் காதுகேளாதோர் சமூகத்துக்குத் தனி மொழி, தனி நகைச்சுவை, தனி ஆசாரங்கள் உண்டு. மோதல் ஏதும் இல்லாமலே அது நிற்கும், ஆகவே துணைப்பண்பாடு. தனிச்சொத்தையும் வழக்கமான குடும்பத்தையும் மறுத்துக் கூட்டுக்குடியிருப்பு அமைத்த 1960களின் இளைஞர் குழுக்களில் அந்த மறுப்பை எடுத்துவிட்டால் அதிகம் மிஞ்சாது. அது எதிர்ப்பண்பாடு.

இங்கே தேர்வில் வழுக்கிவிடும் இடம் ஒன்று உண்டு. துறவியர் மடமும் சொத்தையும் திருமணத்தையும் விடுகிறது. அதை எதிர்ப்பண்பாடு என்று எழுதினால் பெரும்பாலும் தவறு. துறவை மதிக்கும் சமூகத்தில் அந்த மறுப்பே அச்சமூகத்தின் விழுமியம். கைவிடப்படுவது எது என்பதைவிட, அதைச் சமூகம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

உயர்–வெகுஜன இணைதான் எல்லாவற்றிலும் பலவீனமானது என்பது என் கருத்து. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஷேக்ஸ்பியர் நாடகம் எல்லா வகுப்பினரும் கூச்சலிட்டுப் பார்த்த பொழுதுபோக்கு. 1849இல் நியூயார்க்கில் இரண்டு ஷேக்ஸ்பியர் நடிகர்களின் ரசிகர்களிடையே மூண்ட பகை கலவரமாகி, படையினர் சுட்டதில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பிற்பாடு அதே வசனங்கள் மௌனமாக உட்கார்ந்து கேட்க வேண்டிய ‘உயர்’ கலையாயின. பணக்காரருக்கு உயர்பண்பாடு, ஏழைக்கு வெகுஜனப் பண்பாடு என்ற சமன்பாட்டையும் விட்டுவிடுங்கள். சமூகவியலாளர்கள் ரிச்சர்ட் பீட்டர்சனும் ரோஜர் கெர்னும் 1982, 1992 ஆண்டுகளின் அமெரிக்கக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 1996இல் எழுதினார்கள். செவ்வியல் இசையையும் ஓபரா என்ற இசை நாடகத்தையும் விரும்பியவர்கள் மற்ற இசைகளை ஒதுக்கவில்லை. பத்தாண்டுகளில் அவர்கள் விரும்பும் இசைவகைகள் கூடியிருந்தன. எல்லாவற்றையும் சுவைப்பதே ஒரு அந்தஸ்து ஆகிவிட்டிருந்தது. இந்த ஒரு ஆய்வையாவது மேற்கோள் காட்டி எழுதுங்கள், மீதிப் பாதி மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கலாம்.