கூலரை எந்தத் தண்ணீரில் பூட்டப் போகிறீர்கள்?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்துக்கு மாலை வகுப்புக்கு 80 பிள்ளைகள் வருகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் குளிர்தண்ணீர்க் கூலர் வாங்கக் காசு அனுப்பியிருக்கிறார். கடையில், “மணிக்கு 20 லீற்றர் குளிராக்கும், ஆர்.ஓ. பில்டரோடு எடுங்கள்” என்கிறார்கள். எடுக்கலாமா ஐயா?
– வாசகி, உப்புவெளி

பதில்: அவசரப்பட வேண்டாம் தங்கச்சி. குழாயில் பூட்டப் போகிறீர்களா, கிணற்றிலா என்று எழுதவில்லையே. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். சுத்திகரித்து, குளோரின் போட்டு அனுப்புகிறார்கள். அதற்கு ஆர்.ஓ. தேவையில்லை. துரு, மண் பிடிக்க 5 மைக்ரோன் பில்டர் ஒன்று, குளோரின் மணம் போகக் கார்பன் பில்டர் ஒன்று, அவ்வளவு போதும். ஆர்.ஓ. உப்பைப் பிரிப்பதற்கானது, தருகிற தண்ணீரோடு கழிவாகவும் நிறைய ஓடவிடும். கடற்கரைக் கிணறு உவர்த்தால்தான் அதற்குச் செலவழியுங்கள். அங்கே கார்பன் எத்தனை போட்டாலும் உப்பு அப்படியேதான் இருக்கும்.

சரி, அந்த 20 லீற்றர் கணக்குக்கு வருவோம். உங்கள் பிள்ளைகள் மணித்தியாலம் முழுக்க ஆறுதலாகக் குடிக்கப் போவதில்லை. 20 நிமிட இடைவேளையில் 80 பேரும் ஒன்றாக வருவார்கள். ஆளுக்கு 200 மில்லி லீற்றர் என்றாலும் 16 லீற்றர். அந்த நேரத்துக்குள் இயந்திரம் புதிதாகக் குளிராக்குவது 7 லீற்றர்கூட வராது. உள்ளே இருக்கும் தாங்கி 5 லீற்றர் என்றால், வரிசையின் கடைசியில் நிற்கிற சின்னப் பிள்ளைகளுக்குச் சாதாரணத் தண்ணீர்தான். ஆகவே, குளிர்தண்ணீர்த் தாங்கி எத்தனை லீற்றர் என்று கேளுங்கள். 15க்குக் குறைந்தால் வேண்டாம். கொம்பிரசர் உள்ளதாகவும் இருக்க வேண்டும். அது இல்லாத சின்னக் கூலர்கள் ஒரு வீட்டுக்கே போதாது.

நான் 30 வருடமாகப் பிரிட்ஜும் கூலரும் திருத்துகிறவன். ஒருமுறை ஒரு வகுப்பு நடக்கும் இடத்தில், தண்ணீர் மணக்கிறது என்று கூப்பிட்டார்கள். பில்டரைக் கழற்றினேன். கை வழுக்கியது, உள்ளே பாசி மாதிரிச் சளி. பேனையால் எழுதியிருந்த திகதி இரண்டு வருடம் பழையது. பிள்ளைகள் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் மனம் பதறுகிறது. கார்பன் குளோரினை எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு கிருமியைத் தடுக்கத் தண்ணீரில் எதுவும் இல்லை. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் பில்டரை மாற்றுங்கள், தாங்கியையும் கழுவுங்கள். வகுப்பு இல்லாத நாட்கள் கழிந்து திறக்கும்போது, தாங்கியில் தங்கிய தண்ணீரை முதலில் திறந்து ஓடவிடுங்கள். வந்த காசு முழுவதையும் கூலருக்கே கொடுக்காமல், இரண்டு வருடத்துக்கான பில்டர் காசை ஒதுக்கிவையுங்கள். மாற்றுகிற பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

உப்புக்காற்றுக்குப் பெயின்ற் அடித்த தகரம் தாங்காது, எவர்சில்வர் உடம்பு எடுங்கள். பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விடுங்கள். ஈரக் கையால் பிள்ளைகள் தொடுகிற சாமான், ஏர்த் வயர் இல்லாத பிளக்கில் கொழுவவே கூடாது.

கிணற்றுத் தண்ணீர்தான் என்றால் ஒரு போத்தலில் எடுத்துப் பரிசோதித்து, முடிவை எனக்கு எழுதுங்கள். அதற்கு வேறு கணக்குப் போட வேண்டும்.