காசு கட்டி வாங்கிய நிலம், அடியில் இருக்கும் கல் யாருக்கு?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மூன்று ஏக்கர் மேட்டு நிலம். அரசாங்கத்துக்குப் பணம் கட்டி அப்பா வாங்கியது, பட்டா இப்போது என் பெயரில். கிணறு வெட்டியபோது நல்ல கருங்கல் பாறை தட்டியது. குவாரிக்காரர் ஒருவர் அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார். மச்சானோ, "பூமிக்கு அடியில் இருப்பதெல்லாம் கவர்மென்ட் சொத்து" என்கிறார். எது சரி?

பதில்: மச்சான் சொல்வதை ஊரில் பலரும் சொல்வார்கள். ஆனால் அப்படி ஒட்டுமொத்தமாக ஒரு சட்டம் இல்லை. கேரளத்தின் மலபார் பகுதியில், பழைய ஜென்மி நிலத்தில், அதாவது பரம்பரை நில உடைமையாளர்களின் சொந்த நிலத்தில், கனிமம் வெட்டியவர்களிடம் அரசு ராயல்டி (கனிமத்துக்கான கட்டணம்) கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிலம் யாருடையதோ, அடியில் இருப்பதும் அவருடையதே. முறையான சட்டத்தின் மூலம் அந்த உரிமை பறிக்கப்பட்டிருந்தால்தான் வேறு கதை என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

அதற்காக அட்வான்ஸை வாங்கிவிடாதீர்கள். அந்த மலபார்க்காரர்களின் நிலம் அரசு கொடுத்ததல்ல, உங்கள் நிலம் அரசு கொடுத்தது. விற்கிறவர் எதை வேண்டுமானாலும் தன்னிடம் நிறுத்திக்கொண்டு மீதியை விற்கலாம், அரசும் அப்படித்தான். பணம் கட்டி வாங்கியது என்கிறீர்கள். அது முழுக் கிரயமா, இல்லை நில மதிப்பு கட்டிப் பெற்ற ஒப்படையா (அரசு நிபந்தனையோடு ஒதுக்கித் தருவது) என்பதை முதலில் பாருங்கள். ஒப்படை நிலங்களில் கனிம உரிமையை அரசே வைத்துக்கொள்வதாக நிபந்தனை இருப்பது சகஜம். விவசாயத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையும் இருந்தால் இன்னும் சிக்கல்: கல் வெட்டப் போய் நிலமே அரசுக்குத் திரும்பிவிடலாம்.

பட்டாவில் இதெல்லாம் தெரியாது. ஒப்படை உத்தரவோ அரசு எழுதிக் கொடுத்த பத்திரமோ வேண்டும். பெட்டியில் இல்லையென்றால் தாலுகா ஆபீஸில் உத்தரவுக்கும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்துக்கும் நகல் கேளுங்கள். "தேடிப் பார்க்கிறோம்" என்று இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

சரி, நிபந்தனை எதுவும் இல்லை, கல் உங்களுடையதுதான் என்றே வைத்துக்கொள்வோம். சொந்தம் வேறு, வெட்டும் அனுமதி வேறு. 1957-ஆம் ஆண்டின் சுரங்கம், கனிமச் சட்டப்படி குத்தகையோ அனுமதியோ இல்லாமல் யாரும் குவாரி நடத்த முடியாது. கருங்கல் சிறுகனிமம் என்பதால் விதிகளை வகுப்பது மாநில அரசு. 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். குத்தகையோ அனுமதியோ இல்லாமல் வெட்டினால், 1957 சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறை; ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம்; வண்டியும் பறிமுதலாகும்.

குவாரிக்காரர் இதையெல்லாம் அறிந்தவராகத்தான் இருப்பார். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருப்பாரே? பிரச்சினை வந்தால் அதிகாரிகள் தேடுவது பட்டாதாரரைத்தான். ஆகவே உத்தரவு நகல் கைக்கு வந்ததும், கலெக்டர் அலுவலகத்திலுள்ள கனிமவளத் துறை உதவி இயக்குநரைப் பாருங்கள். சர்வே எண்ணைச் சொல்லி, இந்த இடத்துக்குக் குத்தகை கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலோடு ஒரு சிவில் வக்கீலிடம் போங்கள். குவாரிக்காரர் சிபாரிசு செய்யும் வக்கீலாக இருக்க வேண்டாம்.