கண்ணாடியில் மோதும் குருவிகள்: வாசகர் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஜன்னலைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மாடி முகப்பில் நீலக் கண்ணாடி போட்டு வீடு கட்டினோம். அடிக்கடி ஏதாவது குருவி மோதிச் செத்துக் கிடக்கிறது. அதற்குக் கண் தெரியாதா? (கீழக்கரை)

நன்றாகவே தெரியும். அதுதான் சிக்கல். எதிரே நிற்கும் வேம்பும் தென்னையும் வானமும் உங்கள் கண்ணாடியில் அப்படியே விழுகின்றன. குருவி பறப்பது அந்த வேம்புக்குத்தான். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்புகிற புது வீடுகளில் இந்த நீலக் கண்ணாடி இல்லாத முகப்பே இல்லை என்றாகிவிட்டது. பறவைக்குச் சாதாரணக் கண்ணாடியைவிட இது மோசம்.

உள்ளே திரை போட்டுப் பயனில்லை, பிம்பம் விழுவது வெளிப்பக்கத்தில். அங்கேதான் புள்ளியோ கோடோ வேண்டும், கண்ணாடி முழுக்க, 5 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடாமல். ஒற்றைப் பருந்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அசையாத பருந்துக்கு எந்தக் குருவியும் பயப்படாது, அதற்கு அரை அடி தள்ளிப் போய் மோதும். காசு செலவழிக்கும் முன் சோப்புக்கட்டியால் வெளியே கோடு இழுத்துப் பாருங்கள். மழையில் கரைந்துவிடும்தான், ஆனால் எந்த ஜன்னலால் தொல்லை என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

வீட்டில் பழைய மீன்வலை நிறையக் கிடக்கிறது. கட்டலாமா? (பாம்பன்)

வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. தாராளமாகக் கட்டலாம், தங்கூசி என்கிற மெல்லிய நைலான் நரம்பு வலையைத் தவிர. கடலில் மீன் கண்ணுக்குப் படாத நரம்பு குருவி கண்ணுக்கும் படாது. காலும் கழுத்தும் சிக்கி, ஜன்னலில் சாக வேண்டியது வலையில் சாகும். நூல் தடிப்பாகத் தெரிய வேண்டும், வலைக்கண் குருவியின் தலை நுழையாத அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். கண்ணாடியை ஒட்டிக் கட்டாமல் ஒரு சாண் தள்ளி, மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். ஒட்டிக் கட்டினால் மோதுகிற வேகத்தில் வலை குழிந்து கண்ணாடியிலேயே இடிக்கும். தொய்வாக விட்டால் சிக்கிக்கொள்ளும். இரும்பு ஆணியை உப்புக்காற்று தின்றுவிடும், நைலான் கயிற்றால் கட்டுவது நல்லது.

பொருத்தமான வலை இல்லையென்றால், கயிறுகளை 10 செ.மீ.க்கு ஒன்றாக மேலிருந்து தொங்கவிடலாம். கச்சான் காற்று அடிக்கும்போது எல்லாம் ஒரு மூலையில் சுருண்டுவிடும், அதனால் அடிநுனிகளை ஒரு குச்சியில் தளர்வாக முடிந்துவிடுங்கள். ஜன்னலின் வெளிப்பக்கமே கொசுவலை அடித்திருக்கிறீர்களா? அப்படியானால் இது எதுவும் வேண்டாம்.

தேன்சிட்டு ஒன்று காலை முதல் சாயங்காலம் வரை ஜன்னலைக் கொத்துகிறது. பைத்தியமா? (மண்டபம்)

சண்டை! கூடு கட்டும் பருவம், கண்ணாடியில் தெரிவது தன் இடத்துக்குப் போட்டியாக வந்தவன் என்று நினைத்துக்கொள்கிறது. வேகமாக வந்து மோதிச் சாவது வேறு, இது வேறு. வெளியே பழைய செய்தித்தாளை ஒட்டுங்கள். பைக் கண்ணாடிக்கு ஒரு பழைய சாக்ஸ் போதும். சில வாரத்தில் தானே ஓய்ந்துவிடும்.

விடிகாலையில் வாசலில் ஒரு பறவை மயங்கிக் கிடந்தது. பச்சை முதுகு, நீலம் மின்னும் இறக்கை, அடிவயிறு சிவப்பு, குட்டை வால். மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம், செத்துவிட்டது. (தங்கச்சிமடம்)

ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமய அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். இரவில்தான் பயணம். களைத்து இறங்கும் நேரத்தில் நம் வீட்டு விளக்கு அதைக் குழப்பிவிடும், பக்கத்திலேயே கண்ணாடி. அக்டோபர், நவம்பரில் மொட்டைமாடி விளக்கை இரவு அணைத்து வைப்பது பெரிய உதவி.

தண்ணீர் விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு மீன்கொத்திக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிக் கையிலேயே சாகவிட்டவன் நான். மயங்கிய பறவையின் வாயில் ஊற்றுவது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தால், தண்ணீர் கொடுக்காமல் இருந்தாலும் செத்திருக்கலாம்.

அடுத்த முறை ஒரு செருப்புப் பெட்டி எடுங்கள். துணி விரித்து, துளை போட்டு, பறவையை வைத்து மூடி, பூனை எட்டாத இருட்டான மூலையில் வையுங்கள். எட்டிஎட்டிப் பார்க்க வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வெளியே, ஜன்னல் இல்லாத பக்கமாகப் பார்த்து மூடியைத் திறங்கள். மேலே தூக்கிப் போடக் கூடாது. இறக்கை தொங்கினாலோ, அப்போதும் எழவில்லை என்றாலோ கால்நடை மருத்துவமனைக்கோ வனத்துறைக்கோ கொண்டுபோங்கள். பிள்ளைகள் வளர்க்கக் கேட்பார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது.

பறவைகளுக்குத் தண்ணீர்ச் சட்டியை எங்கே வைப்பது? (உச்சிப்புளி)

ஜன்னலிலிருந்து 1 மீட்டருக்குள், இல்லையென்றால் 10 மீட்டருக்கு அப்பால். கிட்டத்தில் இருந்தால் கிளம்பும்போது வேகம் பிடித்திருக்காது. நடுத்தூரம்தான் ஆபத்து, வல்லூறு வந்தால் எல்லாம் ஒன்றாகச் சிதறிப் போய் இடிக்கும்.

பறவை வந்து ஜன்னலில் மோதினால் வீட்டுக்கு ஆகாதாமே? (தேவிபட்டினம்)

பறவைக்குத்தான் ஆகாது.

கடற்காற்றில் கண்ணாடியில் உப்புப் படிந்து மங்கிவிடுகிறது. துடைக்காமல் விடலாமா? (தொண்டி)

விடலாம், மங்கின கண்ணாடியில் பிம்பமும் மங்கும், கொஞ்சம் உதவும். ஆனால் தீபாவளி வரும், வீட்டில் யாராவது வாளியும் துணியுமாக ஏறிவிடுவார்கள். அன்று சாயங்காலமே சோப்புக்கட்டியை எடுத்துக்கொண்டு நீங்களும் ஏறுங்கள்.