இருமல் மருந்துக்குமா பயப்பட வேண்டும்?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், 400 மீட்டர் ஓடுகிறாள். அடுத்த மாதம் தேசிய ஜூனியர் போட்டி. பத்து நாளாக இருமல். மருந்துக் கடையில் வாங்கிய சிரப்பைக் கொடுத்தால், "டோப்பிங்ல மாட்டிப்பேம்மா" என்று குடிக்க மறுக்கிறாள். இருமல் மருந்துக்குமா இந்தப் பயம்?
- ஒரு வாசகி, தருமபுரி

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி, சகோதரி. பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'டெர்பியூட்டலின்' என்று இருந்தால் கொடுக்காதீர்கள். நம் ஊரில் விற்கும் பல இருமல் சிரப்புகளில் அது உண்டு. விளையாட்டு வீரர்களுக்கான ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் உண்டு. கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷா 2019-ல் மாட்டியது இதில்தான். தெரியாமல் குடித்துவிட்டார் என்பதை வாரியமே ஏற்றுக்கொண்டது. அப்படியும் எட்டு மாதத் தடை.

உடம்புக்குள் எது போனாலும் வீரரே பொறுப்பு என்பது விதி. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 16 வயது ருமேனியப் பெண் ஆண்ட்ரியா ரடுகானுக்குத் தடை மருந்து கலந்த சளி மாத்திரை கொடுத்தது அணியின் டாக்டர். பறிபோனது அந்தப் பிள்ளையின் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம். விதி வேண்டும்தான், ஆனாலும் இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நான் 28 வருஷம் ஓட்டப் பயிற்சியாளராக இருந்தவன். ஒருமுறை என் மாணவியோடு ஊக்கமருந்துப் பரிசோதனை அறைக்குப் போனேன். பெண் அதிகாரி பார்த்துக்கொண்டே நிற்க, சிறுநீர் வரவில்லை. தண்ணீர் குடித்துக் குடித்து, 90 மில்லி சேர இரண்டு மணி நேரம் ஆனது. ஏ, பி என்று இரண்டு பாட்டில்களில் அவளே ஊற்றி மூடினாள். அப்புறம் படிவம். கடைசி ஏழு நாளில் சாப்பிட்ட மருந்துகளை எழுத வேண்டும். "சார், நீங்க குடுத்த மஞ்சள் மாத்திரை பேர் என்ன?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை. நல்லவேளை, அதில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து பெயர் தெரியாத மாத்திரையை எந்தப் பிள்ளைக்கும் கொடுத்ததில்லை.

அதற்காக இருமலை அப்படியே விடாதீர்கள். பத்து நாள் அதிகம், டாக்டரிடம் போங்கள். உட்கார்ந்ததும், "இவள் போட்டியில் ஓடுகிறவள், தடை மருந்து கூடாது" என்று சொல்லிவிடுங்கள். எழுதித் தரும் மருந்தை நாடாவின் (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) 'நோ யுவர் மெடிசின்' (Know Your Medicine) செயலியில் பார்த்துவிட்டே வாங்குங்கள். தடை மருந்துதான் தேவை என்றால், அதைச் சாப்பிட அனுமதி தரும் சிகிச்சை விலக்குக்கு முன்கூட்டியே நாடாவிடம் விண்ணப்பிக்கலாம். யாராவது லேபிள் இல்லாத டப்பாவில் 'சத்துப் பவுடர்' கொடுத்தால் வாங்கவே வேண்டாம்.

மருந்துச் சீட்டையும் அட்டையையும் அவள் ஸ்பைக்ஸ் பையிலேயே போட்டு வையுங்கள். படிவம் எழுதும்போது கையில் இருக்கும்.