எதை விடச் சொல்லட்டும்? – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

அயர்லாந்து நாட்டுக்காக உதைபந்தாட்டம், றக்பி இரண்டும் ஆடிய வைத்தியர் கெவின் ஓ'பிளானகனைப் பற்றிப் போன மாதம் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தீர்கள். என் மனைவி அதை வாசித்துவிட்டு மகளிடம் காட்டினாள். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை.

மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. அடுத்த வருடம் பரீட்சை. பாடசாலையின் வலைப்பந்து அணியிலும் இருக்கிறாள், கரப்பந்து அணியிலும் இருக்கிறாள். இரசாயனவியல் வகுப்பு மூன்று மணிக்கு, பயிற்சி நாலு மணிக்கு. சனி, ஞாயிறு காலை ஆறரைக்கே பௌதிகவியல். இந்த வகுப்புகளுக்குக் கட்டும் காசுக்காக நான் மாலையில் இன்னொரு வேலையும் பார்க்கிறேன். போன தவணைப் பரீட்சையில் இரசாயனவியல் புள்ளி பன்னிரண்டு குறைந்துவிட்டது. 'ஒரு விளையாட்டையாவது விடு' என்றால், 'அந்த டாக்டர் விடவில்லையே' என்கிறாள். வெள்ளைக்காரனுடைய ஊரில் நடந்ததை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி ஆசை காட்டுவது சரியா? அதோடு, நம்முடைய டாக்டர் எதிர்வீரசிங்கம் இருக்க, அயர்லாந்து வரை ஏன் போனீர்கள்?

எதை விடச் சொல்லட்டும், ஐயா? அதை மட்டும் சொல்லுங்கள்.

உவர்மலையிலிருந்து ஒரு தகப்பன்

*

அன்புள்ள தம்பி,

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. மகளும் இதை வாசிப்பாள் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன்.

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். எதிர்வீரசிங்கம் எனக்கும் பெருமைதான். 1952இல் ஹெல்சிங்கி, 1956இல் மெல்போர்ன் என்று இரண்டு ஒலிம்பிக், 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து ஆசிய விளையாட்டில் தங்கம். ஆனால் அவருடைய டாக்டர் பட்டம் ஆய்வுக்குக் கிடைத்தது. ஊசி போடுகிற டாக்டர் அல்லர். நான் எழுதிய குறிப்போ வைத்தியம் பார்த்துக்கொண்டே இரண்டு ஆட்டம் ஆடியவரைப் பற்றியது. அதனால்தான் அயர்லாந்துக்குப் போனேன்.

இனி உங்கள் வீட்டுச் சண்டை. அதில் எனக்கும் பங்கு உண்டு. குறிப்பை அவசரமாக எழுதினேன். 'இரண்டு ஆட்டமும் ஆடினார், வைத்தியமும் படித்தார்' என்று ஒரே மூச்சில் சொன்னதால், மூன்றையும் ஒரே கிழமையில் செய்ததுபோல் ஆகிவிட்டது. வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் உங்கள் மகளுக்கும் உங்களுக்கும் வேறு கதை தெரிந்திருக்கும்.

ஓ'பிளானகன் அயர்லாந்துக்காக உதைபந்து ஆடத் தொடங்கியது 1937இல், பதினெட்டு வயதில். றக்பியில் அவருக்கு அதிகாரபூர்வமாகக் கணக்கில் ஏறிய ஒரே ஆட்டம் 1947 டிசம்பரில், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக. நடுவில் பத்து வருடம்! அந்தப் பத்தில் பாதிக்கு மேல் உலகப் போர் தின்றது. அயர்லாந்து போரில் நடுநிலையாக இருந்தாலும், 1939இலிருந்து 1946 வரை அதன் உதைபந்து அணி ஒரு சர்வதேசப் போட்டிகூட ஆடவில்லை. அந்த இடைவெளியில்தான் மனிதர் டப்ளினில் வைத்தியம் படித்து முடித்தார். உள்ளூர்க் கழகத்துக்கு ஆடிக்கொண்டும் இருந்தார், ஆனால் நாடு கூப்பிடவில்லை. கப்பல் இல்லை, பயணம் இல்லை. போர் முடிந்ததும் லண்டன் பக்கம் போய் வைத்தியராக வேலை பார்த்தபடி, சம்பளம் வாங்காமல் ஆர்சனல் கழகத்துக்கு ஆடினார்.

1946 தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை பிரான்சுக்கு எதிராக றக்பி, அடுத்த சனிக்கிழமை ஸ்கொட்லாந்துக்கு எதிராக உதைபந்து. இதைத்தான் நான் குறிப்பில் பெரிதாகப் பிடித்துக்கொண்டேன், உங்கள் மகளும் அதைத்தான் பிடித்திருப்பாள். அவை போர் முடிந்த மகிழ்ச்சிக்காக வைத்த போட்டிகள், அதிகாரக் கணக்கில் சேரவில்லை. கணக்கில் சேர்ந்தவை உதைபந்தில் பத்து, றக்பியில் ஒன்று. ஆர்சனலுக்குக்கூடச் சில பருவங்கள்தான். இரண்டு ஆட்டத்தில் கால் வைத்தவருக்கு இரண்டிலும் கொஞ்சம் குறையத்தான் கிடைத்தது. அதை அவர் குறையாக எண்ணினாரா என்பது வேறு விஷயம். பிறகு அயர்லாந்தின் ஒலிம்பிக் அணிக்கு வைத்தியராகப் போனார், 1976இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவிலும் உறுப்பினரானார். (தம்பி மைக்கேலும் இரண்டு ஆட்டத்திலும் அயர்லாந்துக்கு ஆடியவர். அந்த வீட்டுத் தகப்பனும் உங்களைப்போல யாருக்காவது கடிதம் எழுதியிருப்பாரோ என்னவோ.)

இன்னொரு வைத்தியரையும் பாருங்கள். கிரிக்கெட் தெரிந்த எவருக்கும் டபிள்யூ. ஜி. கிரேஸின் தாடி தெரியும். அவர் பிரிஸ்டலில் வைத்தியர். 1868இல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1879இல்தான் தேறினார். பதினொரு வருடம்! நம் ஊரில் ஒரு பிள்ளை அப்படிச் செய்தால் சொந்தக்காரர்கள் கோணேசருக்கு நேர்த்தி வைத்துவிடுவார்கள். கோடைகாலத்தில் கிரிக்கெட், நோயாளிகளைப் பார்க்கச் சம்பளத்துக்கு வேறொரு வைத்தியரை அமர்த்திவிட்டுப் போவார். கடைசி டெஸ்ட் ஆட்டம் 1899இல், ஐம்பது வயதில். இங்கிலாந்துக்காக அவர் ஆடிய இரண்டாவது விளையாட்டு புல்தரையில் பந்தை உருட்டுகிற 'போல்ஸ்'. அதைத் தொடங்கியது 1903இல், கிரிக்கெட் கிட்டத்தட்ட முடிந்த பிறகு. நரைத்த தாடியுடன் அந்த அணிக்கும் தலைவர்.

கிரேஸைப் பற்றிப் பேசும்போது நான் ஓட்டங்களைச் சொல்வதில்லை. 1887இல் மான்செஸ்டர் மைதானத்தில் அவருடைய அணியைச் சேர்ந்த குரூம் என்ற இளைஞர் எல்லைக் கோட்டுக்குப் பந்தைத் துரத்திப் போய்க் கம்பி வேலியில் விழுந்துவிட்டார். வேலியின் முனை கழுத்தில் ஏறிவிட்டது. தையல் போட ஊசி வந்து சேரும் வரை, ஏறக்குறைய அரை மணி நேரம், காயத்தின் இரண்டு ஓரத்தையும் கிரேஸ் தம் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மட்டை பிடித்த அதே கை. இளைஞர் பிழைத்துக்கொண்டார்.

இது என் மனதில் தங்கியதற்குச் சொந்தக் காரணம் உண்டு. எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். கச்சான் காற்றுக் காலம், டச்சுக்குடாக் கடற்கரையில் உதைபந்து. பந்தைப் பார்த்தபடி பின்னால் ஓடி, கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் அணியத்தில் போய் நெற்றியை இடித்துக்கொண்டேன். புருவத்துக்கு மேலே வாய் திறந்தது போலப் பிளந்துவிட்டது. எதிரணியில் பின்வரிசைக்கு ஒரு அப்போத்திக்கரி (உதவி வைத்தியர்) ஐயா நிற்பார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்பது வயதிலும் எங்களை ஒருவரையும் தாண்ட விடமாட்டார். அவர்தான் வந்து இரண்டு விரலால் காயத்தைக் கிள்ளிப் பிடித்தார். சைக்கிளில் ஏற்றினால் கை விலகும் என்று ஆஸ்பத்திரி வரை அப்படியே நடத்திக் கூட்டிப் போனார். விரலில் உப்பும் மணலும். எரிந்தது. வழியெல்லாம் அவர் பேசியது என் காயத்தைப் பற்றி அல்ல, அந்தப் பந்தை நான் நெஞ்சில் வாங்கியிருக்க வேண்டும், பின்னால் ஓடியிருக்கக் கூடாது என்பதைப் பற்றி. ஐந்து தையல். இருட்டாமல் இருந்திருந்தால் திரும்பிப் போய் ஆடியிருப்பார்.

அவர் எந்த நாட்டுக்கும் ஆடவில்லை. ஏகாம்பரம் மைதானத்தைத் தாண்டி அவர் பெயர் போயிருக்காது.

சரி, 'எதை விடச் சொல்லட்டும்?' இதற்குப் பதில் சொல்லும் முன் 1936இல் இங்கிலாந்துக்குப் போன இந்தியக் கிரிக்கெட் அணியை நினைத்துக்கொள்கிறேன். அதில் சென்னைக்காரர் இருவர் இருந்தார்கள். ஒருவர் எம். ஜே. கோபாலன். கிரிக்கெட், ஹொக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். சென்னையும் இலங்கையும் 1953 முதல் ஆடிவந்த கோபாலன் கிண்ணம் இவர் பெயரில்தான். 1935இல் ஹொக்கி அணியோடு நியூசிலாந்து போய் வந்தார். அடுத்த வருடம் பெர்லின் ஒலிம்பிக் ஹொக்கி ஒரு பக்கம், இங்கிலாந்து கிரிக்கெட் பயணம் மறு பக்கம். ஒன்றை விட வேண்டி வந்தது. ஹொக்கியை விட்டார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை. பெர்லினில் ஹொக்கி அணி இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் எடுத்தது.

மற்றவர் கோட்டா ராமசுவாமி. 1922இலேயே இந்தியாவுக்காக டேவிஸ் கிண்ண டென்னிஸ் ஆடி முடித்தவர். பதினான்கு வருடம் கழித்து, நாற்பது வயதில் அவருக்கு முதல் டெஸ்ட் கிடைத்தது. 40, 60 என்று அடித்தார்.

கோபாலன் முட்டாள்தனமாக முடிவெடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். நாளும் பயணமும் மோதின, முடிவெடுக்க வேண்டி வந்தது, எடுத்தார். ராமசுவாமிக்கு அப்படி மோதவே இல்லை. விடுகிற நாள் வரும்போது திகதியோடு வரும். உங்கள் மகளுக்கு அது வந்துவிட்டதா? வலைப்பந்துப் போட்டியும் கரப்பந்துப் போட்டியும் ஒரே நாளில் விழுந்திருக்கின்றனவா? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மோதியிருப்பது மூன்று மணி வகுப்பும் நாலு மணிப் பயிற்சியும். அப்படியிருக்க, விட வேண்டியது ஆட்டம்தான் என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள்? அந்த ஆசிரியர் அதே பாடத்தை வேறு நாளில் வேறு பிள்ளைகளுக்கும் எடுக்கிறாரா என்று கேட்டுப் பார்த்தீர்களா? நம் ஊரில் பெரும்பாலும் எடுப்பார்கள். கேட்க ஐந்து நிமிடம் போதும்.

அதைக் கேட்டுவிட்டு இரண்டு பயிற்றுநர்களையும் போய்ப் பாருங்கள். பல வீட்டில் பிள்ளை திணறுவது பாடத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் அல்ல, இரண்டு பயிற்றுநர்களின் கோபத்துக்கு நடுவில். எனக்கும் நடந்திருக்கிறது. இங்கே வந்தால் அங்கே போகாதே என்று சொன்ன ஒருவருக்குப் பயந்து ஒரு வருடம் முழுக்க எதுவும் ஆடாமல் இருந்தேன். இந்த நோய் நம் ஊரில் மட்டும் இல்லை. அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம், தன் உறுப்பினர்கள் இங்கிலாந்துக்காரரின் ஆட்டங்களை ஆடவோ பார்க்கவோகூடாது என்று 1971 வரை விதி வைத்திருந்தது. ஓ'பிளானகன் இளவயதில் அந்தச் சங்கத்தின் ஆட்டமான கேலிக் உதைபந்தும் ஆடியவர். மற்ற உதைபந்தையும் ஆடுகிறார் என்று தெரிந்ததும் விலக்கிவிட்டார்கள். நாட்டின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் 1938இல் ஓர் உதைபந்துப் போட்டியைப் பார்க்கப் போனார், அதற்காக அவரையே அந்தச் சங்கத்தின் காப்பாளர் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஜனாதிபதிக்கே இந்தக் கதி என்றால் உயர்தரம் படிக்கும் பிள்ளை என்ன செய்யும்? நீங்கள் நடுவில் போய் நில்லுங்கள், தம்பி. அது பிள்ளை செய்யக்கூடிய வேலை அல்ல.

உங்கள் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன எவருக்கும் இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்காகத் தரப்படுத்திக் கணக்கிடும் உயர்தரப் புள்ளி, இருக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமை வரிசை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வெட்டுப்புள்ளியில் நாலாவது தசம இடத்தில் மருத்துவ பீடம் கைநழுவிப் போன பிள்ளைகளை எனக்கும் தெரியும். ஆட்டம் ஆடினால் மூளை தெளியும், புள்ளி தானாகக் கூடும் என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். பரீட்சைக்கு முந்தின சில மாதங்களில் மகள் பயிற்சியைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். மழை தொடங்கி மைதானத்தில் தண்ணீர் நின்றால் அதுவே குறைத்தும் விடும். குறைப்பது வேறு, விடுவது வேறு. அதை அவளோடு உட்கார்ந்து நாட்காட்டியில் குறியுங்கள். மகளே, நீ வாசிக்கிறாய் என்றால், அந்த அயர்லாந்துக்காரரை இனி அப்பாவின் வாயை அடைக்கப் பயன்படுத்தாதே. அவருக்குப் பத்து வருடம் இருந்தது. இரசாயனவியலில் குறைந்த பன்னிரண்டு புள்ளிக்கு அவர் பொறுப்பில்லை.

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். வகுப்பு நேரம் இருக்கிறது, கட்டுகிற காசு இருக்கிறது, தவணைப் புள்ளி இருக்கிறது. வலைப்பந்தில் மகளின் சட்டையில், நிற்கும் இடத்தைக் காட்டுகிற எழுத்து எது என்பது இல்லை. பந்தைக் கூடையில் போடுகிறவளா, தடுக்கிறவளா, நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஓடுகிறவளா? பந்து கைக்கு வந்தால் மூன்று வினாடிக்குள் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும், வைத்துக்கொண்டு ஓட முடியாது. அந்த மூன்று வினாடியில் அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்திருக்கிறீர்களா?

அடுத்த போட்டி மக்கெய்சர் மைதானத்திலா, பாடசாலையிலா என்று கேட்டு எழுதுங்கள். அன்று மாலை வேலைக்கு ஒரு நாள் லீவு போட முடியுமா என்றும் பாருங்கள். நானும் வருகிறேன். வெயில் இருக்கும், குடை கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து