1,200 கிராமில் பிறந்த குழந்தை சரியாக வளர்கிறதா என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் எடை குறைந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உடலில் கூடுதலாக இருக்கும் நீர் வெளியேறுவதால் எடை சற்று இறங்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும்.

அப்புறம்தான் வளர்ச்சிக் கணக்கே. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் ஏற வேண்டும். 1,200 கிராம் குழந்தைக்கு 18 முதல் 24 கிராம். ஒரே நாள் எடையைப் பார்த்துப் பதறாதீர்கள், வாரச் சராசரியே முக்கியம். நீர் கோத்தாலும் எடை ஏறும் என்பதால் வாரம் ஒருமுறை தலைச்சுற்றளவு, நீளம் இரண்டையும் அளந்து, குறைமாதக் குழந்தைகளுக்கான ஃபென்டன் வரைபடத்தில் குறிப்பார்கள். நீளத்தைச் சரியாக அளக்க இரண்டு பேர் வேண்டும்.

நிறைமாதமான 40 வாரத்துக்கு 10 வாரம் முன்பே பிறந்ததால், வீட்டுக்கு வந்த பின்னும் இரண்டு வயதுவரை அந்த 10 வாரத்தைக் கழித்தே வயதைக் கணக்கிடுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடவே வேண்டாம்.