தாத்தா எடுத்த கிருஷ்ணகிரித் தெருப் படம்: எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைகளையும் வீடுகளையும் நம்பாதீர்கள், பாதிக்கு மேல் இடித்துக் கட்டியிருப்பார்கள். ஓட்டுக்கூரைகளுக்குப் பின்னால் தெரியும் பாறை கோட்டை மலைதான் என்றால் வேலை சுலபம். மலை விளிம்பு அப்படியேதான் இருக்கிறது. படத்தை எடுத்துக்கொண்டு ஊரின் பழைய பகுதியான பழையபேட்டைப் பக்கம் நடங்கள். நாலடி நகர்ந்தால் மலை அசையாது, முன்னால் நிற்கும் கோபுரமோ மினாரோ நகரும். மலையின் எந்தப் பள்ளத்துக்கு நேராக அது படத்தில் நிற்கிறதோ, அதே நேர்கோடு கிடைக்கும் இடத்தில்தான் தாத்தா நின்றிருப்பார்.

அப்புறம் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து திரும்பியிருந்தால் படத்தையே கண்ணாடியில் தெரிவதுபோலப் புரட்டிப் பிரதி எடுத்திருக்கிறார்கள், இடது பக்கம் வலது பக்கமாகும். ‘சேலம் ஜில்லா’ என்றிருந்தால், பலகை எழுதியது பெரும்பாலும் 1965-க்கு முன்பு. கிருஷ்ணகிரியையும் சேர்த்துக்கொண்டு சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது அந்த ஆண்டுதான். ‘விலை’யில் லை தும்பிக்கையாக வளைந்திருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழக்கம்.

பெரியவர்களிடம் காட்டும்போது உங்கள் ஊகத்தை முதலில் சொல்லிவிடாதீர்கள்.